வரிசை எண் முப்பத்தொன்று

மதுரை
27.12.2024

மரியராஜ் சார் அவர்களுக்கு,

சுலைமான் எழுதுவது. பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை, குழந்தைகள் கிளினிக்கில் உங்கள் நோட்டில் 31ஆம் எண். தவ்பீக், வயது மூன்றரை. இப்போது ஞாபகம் வந்திருக்கும்.

உங்கள் பள்ளிக்கூட முகவரியை கிளினிக் வாசலில் மருந்துக்கடை வைத்திருக்கும் பேயாண்டி அண்ணன் கொடுத்தார். போன் நம்பரும் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். போனில் உங்களிடம் நான் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது. கடிதம் என்றால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதலாம். இது நான்காவது தாள்.

தவ்பீக் மறுநாள் விடியற்காலையில் பெரிய ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான். டெங்கு என்று எழுதிக் கொடுத்தார்கள். நாற்பதாம் நாள் பாத்திஹா போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது.

விஷயம் இதுதான். என் மனைவி ஹுமாவுக்கு அப்போது ஏழாம் மாதம். எழுந்து நடமாடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் நான் மட்டும்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இப்போது அவள் சோழவந்தானில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். நான் அன்று காலையில் கடையைத் திறந்து, மத்தியானம் வரை வியாபாரம் பார்த்துவிட்டு, நாலு மணிக்குத்தான் பிள்ளையை கிளினிக்குக்குக் கொண்டுபோனேன் என்று அவர்கள் வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். எனக்குப் பூட்டுக்கடை. அன்று காலை ஷட்டர் பாதி தூக்கியிருந்ததை எதிர்க்கடைக்காரர் பார்த்திருக்கிறார். மழை தூறியது, பிள்ளைக்காகக் குடையை எடுத்தேன். அதைச் சொன்னால் யாரும் நம்பவில்லை.

கிளினிக் கம்ப்யூட்டரில் டாக்டர் பார்த்த நேரம் மட்டும் இருக்கிறது. மாலை 6.10. வந்து சேர்ந்ததும் ஹுமாவுக்குப் போன் செய்து சொன்னேன். "போன்ல மக்காவுல நிக்கிறேன்னுகூடச் சொல்லலாம் மச்சான்" என்கிறார் அவள் அண்ணன் ஜாபர்.

உங்கள் நோட்டில் வந்த நேரம் என்று ஒரு கட்டம் உண்டு. என் கண் முன்னால் 11.40 என்று எழுதினீர்கள். அந்தத் தாள் வேண்டும். காட்டிவிட்டுத் திருப்பித் தருகிறேன். உங்களிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

சுலைமான்


நாகமலை புதுக்கோட்டை
4.1.2025

மதிப்பிற்குரிய சுலைமான் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பள்ளிக்கு வரும் கடிதங்களை அலுவலகத்தில் பிரித்துப் பார்த்துவிட்டுத் தருவது எங்கள் வழக்கம். ஆகவே எனக்கு முன்பே இரண்டு பேர் தங்களுக்காக வருத்தப்பட்டுவிட்டார்கள். மூன்றாவதாக என் வருத்தத்தையும் ஏற்றுக்கொள்ளவும். இனி மேலே உள்ள வீட்டு முகவரிக்கு எழுதுவது நல்லது.

நோட்டைப் பற்றிச் சில விளக்கங்கள். என் மகள் ஜெஸிக்கு எட்டு வயது. சிறுநீரில் புரதம் கசிந்து போகும் நோய். நான்கு ஆண்டுகளாக இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமையை அந்த கிளினிக்கில் கழிக்கிறோம். டாக்டர் மூன்று மணிக்கு வருவார் என்று அங்கே ஒரு பலகை இருக்கிறது. அதை டாக்டர் வாசித்திருப்பதாகத் தெரியவில்லை. முன்பெல்லாம் காலையிலேயே வருகிறவர்கள் படிக்கட்டில் செருப்பையோ தண்ணீர் பாட்டிலையோ வைத்து இடம் பிடிப்பார்கள். ஒருமுறை ஒரு ஹெல்மெட் ஐந்து மணி நேரம் வரிசையில் இருந்தது. அதன் முறை வந்தபோது, அதற்குரிய குழந்தையை வேறு டாக்டரிடம் காட்டி ஊசியும் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள் என்று தெரிந்தது. அன்று இரண்டு தகப்பன்மார்களுக்குள் கைகலப்பு. இரண்டு குழந்தைகளும் வேடிக்கை பார்த்தன.

நான் கணக்கு ஆசிரியர். ஒரு நீள நோட்டு வாங்கிக் கட்டம் போட்டேன். வரிசை எண், குழந்தையின் பெயர், ஊர், வந்த நேரம், குறிப்பு. நான் பள்ளிக்கு விடுப்பு எடுக்க முடியாத வாரங்களில் பேயாண்டி எழுதுவார். நர்ஸ் சின்னத்தாய் அந்த நோட்டைப் பார்த்துத்தான் உள்ளே கூப்பிடுவார். கைக்குழந்தை என்பதற்காகச் சலுகை கிடையாது, ஏனென்றால் அங்கே வருகிறவர்களில் பாதி கைக்குழந்தைகள். வலிப்பு வந்தாலோ, காய்ச்சல் 102க்கு மேல் இருந்தாலோ வரிசையைத் தாண்டிப் போகலாம். அதற்காக நெற்றிக்கு நேரே பிடித்தால் எண் காட்டும் ஒரு கருவியும் வாங்கி வைத்திருக்கிறேன். நோட்டு வந்த பிறகு கைகலப்பு இல்லை.

தாளைக் கிழித்துத் தருவது சாத்தியமில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறேன். அதில் மற்ற குழந்தைகளின் விவரங்கள் இருக்கின்றன. ஆனால் தங்கள் தேவைக்காக ஒரு சான்றிதழ் எழுதிக் கையொப்பமிட்டு இணைத்துள்ளேன். அது போதுமானதாக இருக்கும் என நம்புகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
அ. மரியராஜ்

இணைப்பு: 12.11.2024 அன்று செல்வன் தவ்பீக், த/பெ சுலைமான், முற்பகல் 11.40 மணிக்கு வந்து, வரிசை எண் 31 பெற்று, மாலை வரை காத்திருந்தான் எனச் சான்றளிக்கிறேன். அவனது நடத்தை நன்று.


மதுரை
10.1.2025

மரியராஜ் சார்,

சான்றிதழ் வந்தது. எடுத்துக்கொண்டு சோழவந்தான் போனேன். ஹுமாவைப் பார்க்க விடவில்லை. ஜாபர் வாசலிலேயே வாங்கி, என் மாமியார் மைதீன் பீவிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார். கடைசி வரி வரைக்கும் வாசித்தார்.

மாமியார் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மவுத்தான புள்ளைக்கு வாத்தியாரு டிசி எழுதிக் குடுத்துருக்காரு."

ஜாபர் சொன்னார்: "இதெல்லாம் எந்த வாத்தியாருட்ட கேட்டாலும் எழுதிக் குடுப்பாங்க மச்சான். சீல்கூட இல்ல."

நான் தாள்தான் கேட்டேன். சான்றிதழ் கேட்கவில்லை.

நீங்கள் நோட்டின் வரலாறு எழுதியிருந்தீர்கள். நானும் அன்றைய வரலாற்றை எழுதுகிறேன். ஐந்து நாளாகக் காய்ச்சல், பக்கத்து டாக்டர் கொடுத்த சிரப். அன்று காலை காய்ச்சல் விட்டிருந்தது. ஆனால் வயிறு வலிக்கிறது என்றான், குடித்த தண்ணீரைக் கக்கினான். அதனால்தான் தூக்கி வந்தேன். உங்களிடம் பெயர் கொடுத்தேன். "பையன் ஒரு மாதிரி இருக்கான் சார், கொஞ்சம் முன்னாடி விடுங்க" என்று கேட்டேன். நீங்கள் கருவியை நெற்றிக்கு நேரே பிடித்தீர்கள். 97.4. "காய்ச்சலே இல்லையே பாய். எல்லாருக்கும் அவங்கவங்க புள்ள அவசரம்தான். உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்றீர்கள். மரியாதையாகத்தான் சொன்னீர்கள். அதில் குறை இல்லை.

உட்கார்ந்தேன். அங்கே எல்லாப் பிள்ளைகளும் கத்திக்கொண்டிருந்தன. அவன் மட்டும் கத்தவில்லை. என் தோளில் கிடந்தான். கை காலெல்லாம் சில்லென்று இருந்தது, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்ததால் என்று நினைத்து இடம் மாறினேன். பக்கத்தில் ஒரு அம்மா தன் பையனிடம் அவனைக் காட்டி, "அந்தத் தம்பி எம்புட்டு சமத்தா இருக்கான் பாரு" என்று சொன்னார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆறரை மணி நேரம் செய்ய வேறு வேலை இல்லாததால் உள்ளே போகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். என் எண் 31. நான் போனது முப்பத்திரண்டாவது ஆளாக. அதை விடுங்கள். தாளை அனுப்புங்கள்.

சுலைமான்


நாகமலை புதுக்கோட்டை
21.1.2025

அன்புள்ள சுலைமான் பாய்,

இதைக் கிளினிக்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜெஸிக்குப் பொங்கலன்று நோய் மறுபடி வந்துவிட்டது. தினமும் காலையில் அவள் சிறுநீரில் ஒரு காகிதக் குச்சியை நனைத்துப் பார்க்க வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் பள்ளிக்கூடம், பச்சையானால் கிளினிக். பொங்கல் காலையில் கரும்பச்சை. அன்று மாலைக்குள் கண்கள் இரண்டும் கோடாகிவிட்டன. என் மனைவி ஆனிமேரி அவளுக்குப் புது கவுன் போட்டுப் படம் எடுத்து வைத்திருக்கிறாள். வீங்கிய முகத்தோடு நான்கு பொங்கல் படங்கள் எங்களிடம் இருக்கின்றன. உறவினர்கள் பார்த்துவிட்டுப் பிள்ளை சதை போட்டிருக்கிறாள் என்று மகிழ்கிறார்கள்.

சான்றிதழின் கடைசி வரிக்காக மன்னிக்க வேண்டும். பத்தொன்பது ஆண்டுகளாகச் சான்றிதழ் என்று எழுத ஆரம்பித்தால் அந்த வரியில்தான் என் கை நிற்கும். எழுதியதை நான் வாசித்துப் பார்க்கவில்லை. எழுதியதை வாசித்துப் பார் என்றுதான் மாணவர்களிடம் தினமும் சொல்கிறேன்.

102 என்ற எண் என்னுடையது அல்ல. நர்ஸ் சின்னத்தாயிடம் கேட்டுத்தான் வைத்தேன். நான் வலிப்புக்காகக் கேட்டேன், அவரும் வலிப்புக்காகச் சொன்னார். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து தொடங்குகிறது என்பதையும், உடம்பு குளிர்ந்து பிள்ளை சத்தம் போடாமல் கிடந்தால் ஓட வேண்டும் என்பதையும் தங்கள் கடிதத்துக்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். என் விதிப்படி, மிக ஆபத்தான நிலையில் இருக்கும் குழந்தை மிக ஆரோக்கியமான குழந்தையாகத் தெரியும். கணக்கில் இப்படி ஒரு விடை வந்தால் தேற்றத்தையே தூக்கிப் போட்டுவிடுவோம். அந்த விதியை அடித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் சின்னத்தாயைக் கேட்கவும் என்று எழுதியிருக்கிறேன். இது தங்களுக்கு எந்த வகையிலும் ஆறுதல் இல்லை என்று அறிவேன்.

முப்பத்திரண்டாவது என்று எழுதியிருந்தீர்கள். கூட்டத்தில் எண்ணும்போது ஒன்று கூடக் குறைய வருவது இயல்பு.

மேலும் ஒரு வருத்தமான செய்தி. அந்தப் பழைய நோட்டு டிசம்பர் மழையில் நனைந்து பாழாகிவிட்டது. இப்போது இருப்பது புது நோட்டு. தேடிப் பார்க்கிறேன். நம்பிக்கை இல்லை.

கூப்பிடுகிறார்கள்.

மரியராஜ்


மதுரை
29.1.2025

மரியராஜ் சார்,

மருந்துக்கடைக்குப் போனேன். மழையில் நனைந்த நோட்டு எங்கே அண்ணே என்று பேயாண்டி அண்ணனிடம் கேட்டேன்.

"எந்த மழை? நோட்டு என் கடைக்குள்ளதான ஆணியில தொங்குது. நனைஞ்சா என் மருந்தும்ல நனைஞ்சிருக்கணும்" என்றார். பிறகு, "பழசு பாதிதான் எழுதியிருந்துச்சு. ஒரு நாள் சாரு வந்து, முடிஞ்சுபோச்சுன்னு சொல்லி பைக்குள்ள வச்சு வீட்டுக்குக் கொண்டுட்டுப் போயிட்டாரு" என்றார். எந்த நாள் என்று கேட்டேன். சரியாகச் சொல்லத் தெரியவில்லை. என் பையன் செய்தி அவர்களுக்குத் தெரிந்த வாரம் என்று மட்டும் சொன்னார்.

நீங்கள் பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவர் என்று தெரிகிறது. நான் பூட்டு விற்கிறவன். சாவி தொலைந்துபோயிற்று என்று சொல்லி வருகிறவர்களில் யாருடைய சாவி நிஜமாகவே தொலைந்தது, யார் அடுத்தவன் பூட்டைத் திறக்க வந்திருக்கிறான் என்று முகம் பார்த்துச் சொல்வேன். உங்கள் விஷயத்தில் எழுத்தைப் பார்த்தே தெரிகிறது.

24ஆம் தேதி ஹுமாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. எனக்குப் பக்கத்து ஊர்க்காரர் சொல்லித் தெரியும். போனேன். பிள்ளையை ஜன்னல் வழியாகக் காட்டினார்கள்.

ஜாபர் அவர்கள் ஊர் ஜமாத்தில் மனுக் கொடுத்துவிட்டார். பிள்ளையைவிட வியாபாரம் பெரிது என்று நினைத்தவனிடம் இன்னொரு பிள்ளையைக் கொடுக்க முடியாது, தங்கச்சியைப் பிரித்துவிடுங்கள் என்று. பிப்ரவரி 9, ஞாயிறு, அஸர் தொழுகைக்குப் பிறகு உட்காருகிறார்கள். என்னிடம் ஒரு குடையும் உங்கள் சான்றிதழும் இருக்கின்றன.

சுலைமான்


நாகமலை புதுக்கோட்டை
3.2.2025

அன்புள்ள சுலைமான் பாய்,

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. மழை என்று எழுதியது பொய். இதற்கு மேல் அதை அலங்கரிக்க விரும்பவில்லை.

12.11.2024 தேதியிட்ட தாளை அசலாகவே இத்துடன் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். 31ஆம் எண்ணுக்கு நேரே தவ்பீக் பெயரும், ஊரும், 11.40 என்ற நேரமும் என் கையெழுத்தில் இருக்கின்றன. முன்னும் பின்னும் உள்ளவர்களின் நேரமும் வரிசையாக இருப்பதால் பிறகு சேர்த்து எழுதியது என்று யாரும் சொல்ல முடியாது.

குறிப்பு என்ற கட்டத்தை மட்டும் கத்தரித்திருக்கிறேன். அதில் குழந்தைகளின் நோய் விவரங்கள் உள்ளன. அவற்றை வெளியாருக்குக் காட்டுவது முறையல்ல. தங்கள் தேவைக்கு அந்தக் கட்டம் அவசியமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாக முடிய எங்கள் வீட்டில் ஜெபிக்கிறோம்.

மரியராஜ்


மதுரை
10.2.2025

மரியராஜ் சார்,

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பள்ளிவாசலை ஒட்டிய அறையில் ஏழு பேர் உட்கார்ந்தார்கள். ஹுமாவும் அவள் அம்மாவும் திரைக்கு அந்தப் பக்கம். நான் தாளைப் பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே பார்த்தார். 31க்கு நேரே விரலை வைத்தார். "பதினொன்னு நாப்பதுன்னு இருக்கேப்பா" என்றார். எனக்கு மூச்சு வந்தது.

ஜாபர் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "ஓரத்த யாரு வெட்டுனது?"

"நோட்டு வச்சிருக்க சாரு வெட்டுனாரு" என்றேன்.

"என்ன இருந்துச்சு அதுல?"

"குறிப்பு."

"என்ன குறிப்பு?"

"தெரியாது."

"உங்களுக்கே தெரியாதத வெட்டிட்டுத்தான் சாட்சின்னு கொண்டாந்தீங்களா மச்சான்?"

இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர், "பூட்டுக்கடைக்காரரு கத்தரிக்கோலும் விக்கிறாரு போல" என்றார். முத்தவல்லி அதட்டினார். ஆனால் அவரும் தாளைக் கீழே வைத்துவிட்டார். பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் 10அ என்று ஒரு எண் நுணுக்கி எழுதியிருந்ததை வேறொருவர் கண்டுபிடித்தார். "நடுவுல சொருகுன தாளு இது. பதினொன்னு நாப்பதையும் சொருகியிருக்கலாம்ல" என்றார். முப்பத்திரண்டாவதாக நான் எண்ணியது சரிதான் சார். ஆனால் அதைச் சொல்கிற இடமாக அது இல்லை.

அப்போது திரைக்குப் பின்னால் இருந்து ஹுமா பேசினாள். நவம்பருக்குப் பிறகு அவள் குரலை அன்றுதான் கேட்டேன்.

"அந்த வெட்டுன துண்டுலதானே எம்புள்ளயப் பத்தி எழுதியிருப்பாங்க?"

முத்தவல்லி தாளை மறுபடி கையில் எடுத்தார்.

"நேரம் எனக்கு வேணாம். அவன் எப்படி இருந்தான்னு யாராச்சும் எழுதியிருந்தா அது வேணும்" என்றாள்.

முத்தவல்லி ஒரு வாரம் தவணை கொடுத்திருக்கிறார். 16ஆம் தேதி. நீங்கள் வெட்டியது உங்களுக்குத் தேவையில்லாத துண்டு என்றால் அனுப்பி வைக்கலாம். உங்களுக்குத் தேவையான துண்டு என்றால் அதையும் எழுதிவிடுங்கள். இனி உங்கள் வாசலுக்குக் கடிதம் வராது.

சுலைமான்


நாகமலை புதுக்கோட்டை
12.2.2025

சுலைமான் பாய்,

துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். தாளோடு ஒட்டினால் சரியாகப் பொருந்தும். ஸ்கேல் வைத்துத்தான் வெட்டினேன்.

நோய் விவரங்கள் என்று நான் எழுதியது சரியல்ல. நாற்பத்தெட்டு குழந்தைகளில் நான்கு பேருக்கு நேரே மட்டும்தான் எழுதியிருக்கிறேன். இரண்டு வலிப்பு. மற்ற இரண்டுக்காகத்தான் கத்தரிக்கோல்.

10அ-வுக்கு நேரே, "தாளாளர் சொன்னது" என்று இருக்கும். எங்கள் பள்ளித் தாளாளரின் தங்கை பேரன். டிரைவர் காரை வாசலில் நிறுத்திவிட்டு என்னிடம் போனைக் கொடுத்தார். "என்ன மரியராஜ், நம்ம பையன்தான், கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார் தாளாளர். இருமல். பதினொரு ஆண்டுகளாக என் பணி நிரந்தரம் ஆகாமல் கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பு அவர் மேசையில் இருக்கிறது. நான் பார்த்துக்கொண்டேன். அந்தப் பையன் உள்ளே ஆறு நிமிடம் இருந்தான். வரிசையில் யார் தாண்டிப் போனாலும் காரணத்தை எழுத வேண்டும் என்பது என் விதி. அதனால் அநியாயம் செய்தபோதும் ஒழுங்காகப் பதிவு செய்தேன்.

ஆறு நிமிடத்தில் எதுவும் மாறியிருக்காது என்று எனக்கு நானே பல முறை நிறுவிக் காட்டிவிட்டேன். அது உண்மையாகவும் இருக்கலாம். பெயர் சொல்லாமல் டாக்டரிடமும் கேட்டேன், இப்படி ஒரு குழந்தை பன்னிரண்டு மணிக்கே சின்னத்தாய் கண்ணில் பட்டு, அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தால் என்று. அவர் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே, "பொழைச்சிருக்கலாம். பொழைக்காமலும் போயிருக்கலாம். எதுக்குக் கேக்குறீங்க, ஜெஸி நல்லாத்தானே இருக்கா?" என்றார். வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

தவ்பீக் பெயருக்கு நேரே இருப்பது இது: "காய்ச்சல் இல்லை. காத்திருக்கலாம்."

தங்களிடம் கருவியைக் காட்டிவிட்டு, தாங்கள் திரும்பி நடந்த பிறகு எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. மறுபடி வந்து கேட்டால் காரணம் காட்டுவதற்காக எழுதி வைத்தேன். தாங்கள் மறுபடி வந்து கேட்கவே இல்லை. மறுபடி வந்து சண்டை போட்டவர்கள் அன்று மூன்று பேர். அவர்களில், தங்களுக்கு முந்தைய எண்காரர்கள் இரண்டு பேருக்கு, நோட்டில் ஏறாமலே, சின்னத்தாய் வழிவிட்டார்.

தாங்கள் விரும்பினால் ஞாயிற்றுக்கிழமை சோழவந்தான் வந்து, அந்த அறையில் இதை எழுதியவன் நான்தான் என்று சொல்கிறேன். தங்கள் மனைவி முன்னாலும் சொல்கிறேன். வேறு எதையும் எதிர்பார்க்காமல் தாங்கள் ஒரு தாள் மட்டும் கேட்டீர்கள். அதைக் கொடுக்க எனக்கு ஏழு வாரம் ஆகியிருக்கிறது. மன்னிப்பு என்ற சொல்லை எந்த இடத்தில் எழுதுவது என்று தெரியாததால் இங்கே எழுதுகிறேன்.

மரியராஜ்


மதுரை
18.2.2025

மரியராஜ் சார்,

நீங்கள் வர வேண்டியிருக்கவில்லை. ஜமாத்தும் கூட வேண்டியிருக்கவில்லை.

துண்டு வெள்ளிக்கிழமை வந்தது. வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அதை வைத்துக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியது. சனிக்கிழமை காலையில் சோழவந்தான் பஸ் ஏறினேன். ஜாபர் வீட்டில் இல்லை. மாமியார் கதவைத் திறந்தார். "அவ கேட்டத கொண்டுவந்திருக்கேன் மாமி" என்றேன். என்ன நினைத்தாரோ, உள்ளே விட்டார்.

ஹுமா கட்டிலில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். துண்டைக் கொடுத்தேன். ஒரு விரல் அகலம், அதில் உங்கள் மணி மணியான எழுத்து. எத்தனையாவது வரி என்று நான் சொல்லவில்லை. அவளே கண்டுபிடித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நானும் இதத்தானே சொன்னேன்" என்றாள்.

இதுவரை நான் உங்களுக்கும் எழுதாத ஒன்று இருக்கிறது சார். அன்று காலை ஏழு மணிக்கே நான் சட்டையைப் போட்டுவிட்டேன். ஹுமாதான் பிள்ளை நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் விட்டுருச்சுங்க. அஞ்சு நாளா தூங்காத புள்ள, நல்லா தூங்கட்டும். எந்திரிச்சதும் மெதுவா கூட்டிட்டுப் போங்க" என்றாள். பதினொரு மணி வரைக்கும் அவனைத் தூங்கவிட்டோம். அது தூக்கம் இல்லை என்று இப்போது எல்லோருக்கும் தெரிகிறது. அவள் வீட்டில் கடை, ஷட்டர், நாலு மணி என்று பேசப் பேச, நான் இந்த ஒன்றைச் சொல்லியிருந்தால் பேச்சு நின்றிருக்கும். வேறு விதமாக ஆரம்பித்திருக்கும். அதனால்தான் எனக்கு உங்கள் தாள் வேண்டியிருந்தது. அவள் வாயைத் திறக்காமல் நான் தப்பிக்க வேறு வழி கிடையாது.

அவளும் சொல்லவில்லை. என் மேல் பழி விழ விழ, பேசாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "நீங்க எங்க அண்ணன்ட்ட சொல்லிருவீங்கன்னு தெனம் எதிர்பாத்தேன். சொல்லியிருந்தா நான் செத்திருப்பேன். சொல்லலைன்னு உங்க மேல கோவமா இருந்துச்சு" என்றாள். நீங்கள் படித்தவர், இதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தாலும் எழுத வேண்டாம்.

மாமியார் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எனக்குச் சாப்பாடு போட்டார். ஜாபர் மனுவைத் திரும்ப வாங்கிவிட்டார். என்ன காரணம் சொன்னார் என்று கேட்கவில்லை.

தாளை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன், சொன்னபடி. துண்டு வராது. கேட்டேன், தர மறுத்துவிட்டாள். அதைக் குர்ஆன் உறைக்குள் வைத்திருக்கிறாள். அவனைப் பற்றி யாரோ கடைசியாக எழுதியது அது ஒன்றுதான் என்கிறாள். மன்னிப்பு பற்றி எழுதியிருந்தீர்கள். அது தற்சமயம் எங்கள் வீட்டில் யாரிடமும் கைவசம் இல்லை.

ஜெஸிக்குக் குச்சி மஞ்சளாக வர துஆ செய்கிறேன். இதை மனதாரத்தான் எழுதுகிறேன்.

அடுத்த மாதம் ஹுமா வீட்டுக்கு வருகிறாள். ஒரு நிபந்தனை போட்டாள். "இந்தப் புள்ளைக்கு ஒன்னுன்னா எந்த வரிசையிலயும் நிக்க மாட்டேன்னு எழுதிக் குடுங்க" என்றாள். வாயால் சொன்னேன். எழுதித்தான் தர வேண்டும் என்றாள். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே உங்களுக்கு முன்கூட்டியே தெரிவிப்பது: ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை, தும்மல் மட்டும் போடுகிற ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, நாற்பது பேரையும் தள்ளிவிட்டு நான் உள்ளே போவேன். அந்த நாற்பதில் சத்தம் போடாத பிள்ளை ஒன்று இருக்கலாம், உங்கள் ஜெஸியும் இருக்கலாம். அப்போது நோட்டைக் காட்டி என்னை நிறுத்தப் பார்க்காதீர்கள். நான் நிற்க மாட்டேன்.

சுலைமான்